தீப்பந்தத்துக்கு முன்பே எழுதப்பட்ட ஆணை

எகிப்து மக்கள்தொகையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கினர் எனப் பொதுவாக மதிப்பிடப்படும் காப்டிக் கிறிஸ்தவர்கள், இஸ்லாம் அந்நாட்டில் பரவுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பிருந்தே நைல் ஆற்றங்கரையில் வாழ்ந்துவருபவர்கள். 2011-இல் ஹோஸ்னி முபாரக்கின் ஆட்சி கவிழ்ந்த பிறகு நாடு கொந்தளித்த ஆண்டுகளில் அவர்கள் பட்ட துன்பத்தைக் கும்பலின் வெறிச்செயல் என்று சொல்லிக் கடந்துவிடும் வழக்கம் உண்டு. ஆனால் கும்பல் தீப்பந்தம் ஏந்துவதற்கு வெகுகாலம் முன்பே, எந்தக் கட்டடத்துக்குப் பாதுகாப்பில்லை என்பதை அரசாணைகள் ஏறக்குறைய எழுதிவைத்துவிட்டன.

ஒட்டோமான் சுல்தான் 1856-இல் பிறப்பித்த ஹத்தி ஹுமாயூன் ஆணை, முஸ்லிம் அல்லாத குடிகளுக்குச் சமத்துவம் அளிக்கும் சீர்திருத்தமாகவே வந்தது. எனினும் எகிப்தில் அதிலிருந்து நிலைத்து நின்றது, தேவாலயம் கட்ட ஆட்சியாளரின் அனுமதி வேண்டும் என்ற பகுதிதான். அதன்மீது 1934-இல் உள்துறை அதிகாரி எசாபி பாஷா பத்து நிபந்தனைகளை அடுக்கினார்: பக்கத்து மசூதி எவ்வளவு தூரம், அண்டைவீட்டு முஸ்லிம்களுக்கு ஆட்சேபம் உண்டா, ஊரில் கிறிஸ்தவர்கள் எத்தனை பேர் என்றெல்லாம் கேள்விகள் நீண்டன. அனுமதி ஆண்டுக்கணக்கில் இழுபட்டதால் கிராமத்து மக்கள் வீடுகளிலும் பொதுக்கூடங்களிலும் வழிபடத் தொடங்கினர். அந்த வழிபாடு சட்டத்துக்குப் புறம்பானதாக எண்ணப்பட்டதால், அதைத் தடுக்கத் திரண்டவர்கள் சட்டத்தைக் காப்பவர்களைப் போலப் பேச முடிந்தது.

2011 செப்டம்பரில் அஸ்வான் மாகாணத்து மரினாப் கிராமத்தில் ஒரு தேவாலயம் தாக்கப்பட்டபோது, அங்கே விருந்தினர் விடுதி மட்டுமே இருந்தது என்றார் மாகாண ஆளுநர். அதைக் கண்டித்து அக்டோபர் 9 அன்று கெய்ரோவின் மாஸ்பெரோ பகுதியில், அரசுத் தொலைக்காட்சி நிலையத்தின் முன் கூடியவர்கள்மீது இராணுவ வாகனங்கள் ஏறின. இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அன்றிரவு அதே தொலைக்காட்சி, இராணுவத்தைக் காக்கத் தெருவுக்கு வருமாறு குடிமக்களை அழைத்தது.

2013 ஆகஸ்ட் 14 இதனினும் கொடியது. பதவி பறிக்கப்பட்ட அதிபர் முகமது மோர்சியின் ஆதரவாளர்கள் ரபா சதுக்கத்தில் நடத்திய மறியலை, பாதுகாப்புப் படை நூற்றுக்கணக்கானோரைக் கொன்று கலைத்தது; அதைத் தொடர்ந்து மின்யா, அசியூத், சோஹாக் முதலிய மாகாணங்களில் நாற்பதுக்கும் மேற்பட்ட தேவாலயங்கள் தாக்கப்பட்டன, பல எரிந்தே போயின. மறியலைக் கலைத்ததில் உள்ளூர்க் காப்டிக் மக்களுக்குப் பங்கில்லை. பழிவாங்கல் நிகழும் என்பது எளிதில் ஊகிக்கக் கூடியதாயிருந்தும், பல இடங்களில் காவலர்கள் கண்ணிலேயே படவில்லை. மின்யாவின் டல்கா நகரம் ஜூலைத் தொடக்கத்திலிருந்து செப்டம்பர் நடுப்பகுதிவரை மோர்சி ஆதரவாளர்களின் பிடியில் இருந்தது.

எகிப்து 1982-இல் ஏற்புறுதி அளித்த குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கை, நெருக்கடிநிலையின்போது அரசுகள் சில உரிமைகளைத் தற்காலிகமாக நிறுத்திவைக்க இடந்தருகிறது; ஆயினும் 18-ஆம் பிரிவு வழங்கும் சமயச் சுதந்திரத்தை எந்த நெருக்கடியிலும் அவ்வாறு நிறுத்த முடியாது. 2014-ஆம் ஆண்டு அரசியலமைப்பும் நம்பிக்கைச் சுதந்திரத்தை முழுமையானது என்கிறது, ஆனால் வழிபாட்டு உரிமையை வேதம் அருளப்பெற்ற சமயங்களுக்கு, அதாவது இஸ்லாம், கிறிஸ்தவம், யூதம் ஆகிய மூன்றுக்கு மட்டுமே ஒதுக்குகிறது. இம்மூன்றிலும் அடங்காத பஹாய் சமயத்தார், அடையாள அட்டையின் சமயக் கட்டத்தில் ஒரு சிறு கோடு மட்டும் இட்டுக்கொள்ளும் உரிமைக்கே நீதிமன்றம் ஏறி, 2009-இல்தான் இறுதி வெற்றி பெற்றனர்.

2016-இல் தேவாலயங்களுக்கெனத் தனிச் சட்டம் வந்தது: விண்ணப்பத்துக்கு ஆளுநர் நான்கு மாதத்துக்குள் விடையளிக்க வேண்டும், மறுத்தால் காரணம் கூற வேண்டும். அதன்பின் 2,000-க்கும் மேற்பட்ட தேவாலயங்களும் அவற்றைச் சார்ந்த கட்டடங்களும் முறைப்படுத்தப்பட்டன. இது சிறிய மாற்றமன்று. ஆனால் தேவாலயத்தின் பரப்பு அவ்வூர்க் கிறிஸ்தவர்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப அமைய வேண்டும் என்று இச்சட்டமும் விதிக்கிறது. மசூதிக்கு அத்தகைய கணக்கு இல்லை.

சட்டத்தால் இன்னும் அசைக்க முடியாதது சமரச அமர்வு. தாக்குதல் நடந்ததும் ஊர்ப் பெரியவர்களும் அதிகாரிகளும் இரு தரப்பையும் கூட்டிவைத்து, வழக்கைக் கைவிடச் செய்து, சில வேளைகளில் பாதிக்கப்பட்ட குடும்பத்தையே ஊரைவிட்டு வெளியேற்றும் நடைமுறை அது. குற்றவாளி தண்டனைக்கு அஞ்சாதிருப்பதற்கு இதைவிட வலுவான உறுதிமொழி வேறில்லை. 2016 மே மாதம் மின்யாவின் அல் கர்ம் கிராமத்தில் ஒரு கும்பல் வீடுகளைக் கொளுத்தி, முதிய கிறிஸ்தவப் பெண் ஒருவரை ஆடை களைந்து இழிவுபடுத்தியபோது, பிஷப் மக்காரியோஸ் சமரச அமர்வை மறுத்து நீதிமன்றத்தையே நாட வேண்டும் என்று நின்றார். அப்பெண்ணை இழிவுபடுத்தியதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட மூவரும் 2020 டிசம்பரில் விடுதலை செய்யப்பட்டனர்.