ஸ்பொக் சிரிக்கலாமா?

வாலி வதை தகுமா தகாதா என்று பட்டிமன்றங்களிலே வாதிடக் கேட்டவர்களுக்கு, நாம் ஈண்டுக் கூறப்போகும் செய்தி புதுமையாகத் தோன்றாது. கதையிலே வருபவனை உயிருள்ளவனாகவே பாவித்து, “அவன் இப்படிச் செய்வானா? செய்தது முறையா?” என்று வழக்காடுவது நம்மவர்க்குப் பழகிய இன்பம். அமெரிக்க மக்கள் அதே இன்பத்தை ஒரு விண்வெளிக் கதைத் தொடரிலே கண்டு, ஏறத்தாழ அறுபது ஆண்டுகளாக வழக்காடி வருகின்றனர். அத்தொடரின் பெயர் ‘ஸ்டார் ட்ரெக்’.

ஜீன் றொடன்பெரி என்பவரின் சிருஷ்டியாகிய இத்தொடர் 1966ஆம் ஆண்டு செப்டெம்பர் 8ஆந் திகதி அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஆரம்பமாயிற்று. ‘எண்டர்பிரைஸ்’ என்னும் விண்கலம், அதன் தலைவன் கேர்க், அவனுக்குத் துணையாய் நிற்கும் கூர்ங்காதன் ஸ்பொக், முன்கோபியாகிய வைத்தியர் மக்கொய் ஆகியோரே இதன் உயிர்நாடி. பார்ப்போர் தொகை போதாதென்று நிறுத்திவிட எண்ணியிருந்த வேளையில், ரசிகர்கள் கடிதங்களை மழையாகப் பொழிந்தனர். 1968இல் தொடர் மேலும் ஓராண்டு வாழ்வு பெற்றது. 79 பகுதிகளோடு 1969இல் அது முடிவுற்றபோதிலும், 1979 முதல் திரைப்படங்களாகவும் பின்னர் புதிய தொடர்களாகவும் தழைத்தது. பலர் கைபட்டு, பல்லாண்டு வளர்ந்த கதையிலே முன்னுக்குப் பின் முரண் புகுவது இயல்பே.

இலக்கணம் கற்கும் மாணவர் வழு என்பதையும் வழுவமைதி என்பதையும் அறிவர். மரபு பிறழ்ந்து வருவது வழு. பிறழ்ந்ததாயினும் ஒரு காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. இவ்விரண்டு சொற்களையும் அறியாமலே ஸ்டார் ட்ரெக் ரசிகர்கள் இவ்விலக்கணத்தை வளர்த்திருக்கின்றனர். தொடக்கத்து ஒரு பகுதியிலே, கேர்க்கின் பெயர் பொறித்த கல்லறைக் கல்லொன்று வருகிறது. அதில் அவன் பெயரின் நடுவெழுத்து ‘ஆர்’. பின்னர் எங்கும் ‘ரி’. கான் என்னும் கொடியவன் வந்த கதை 1967 பெப்ரவரியில் ஒளிபரப்பாயிற்று. செக்கொவ் என்னும் இளைஞன் தொடரில் தோன்றியதோ அவ்வாண்டு செப்டெம்பரில். ஆயினும் 1982இல் வெளிவந்த திரைப்படத்தில், கான் செக்கொவின் முகத்தை நன்கு நினைவில் வைத்திருக்கிறான்! செக்கொவ் அக்காலத்திலே கப்பலின் வேறொரு பகுதியில் பணிபுரிந்திருப்பான், நமக்குத்தான் அவன் காட்டப்படவில்லை என்பது ரசிகர் கண்ட வழுவமைதி.

கிளிங்கன் என்னும் போர்க்குலத்தாரின் நெற்றி பற்றிய வழக்கு இவற்றினும் பெரியது. முதல் தொடரில் அவர்கள் மனிதரைப் போன்ற நெற்றியுடையோர். 1979ஆம் ஆண்டுத் திரைப்படத்திலோ, வரம்புகட்டிய வயல்போல மேடுகள் நிறைந்த நெற்றியோடு தோன்றினர். திரைப்படத்திலே ஒப்பனைக்குச் செலவிடப் பணம் இருந்தது என்பதே உண்மைக் காரணம். ஆனால் கதைக்குள்ளே அதனைச் சொல்ல முடியாதன்றோ? 1996இல் வந்த ஒரு பகுதியில், இதுபற்றி வினவப்பட்ட கிளிங்கன் வீரன், பிறத்தியாரோடு தாங்கள் அதனைப் பேசுவதில்லை என்று சொல்லி நழுவிவிடுகிறான். 2005இல் மற்றொரு தொடர் இதற்கு முறையான விளக்கமளித்தது. மனிதரின் மரபணுவைக் கொண்டு தம் குலத்தை வலிமைப்படுத்த முயன்ற கிளிங்கன் விஞ்ஞானிகள், அறியாமலே ஒரு தொற்றுநோயை உண்டாக்கிவிட்டனராம்; அந்நோய் கண்டவர்களின் நெற்றி மேடுகள் மறைந்தனவாம். ஒப்பனைப் பெட்டியிலே பிறந்த வழுவுக்கு 26 ஆண்டுகள் கழித்து வைத்திய சாத்திரத்திலே அமைதி காணப்பட்டது.

இவையாவும் சிரித்த முகத்தோடு ஆடும் வழக்குகள். ரசிகரின் குரல் மெய்யாகவே உயர்வது, ஒரு பாத்திரத்தின் குணம் மாறும்போதுதான்.

ஸ்பொக்கை எடுத்துக்கொள்வோம். அவனுடைய தந்தை வல்கன் குலத்தவர், தாய் மனிதகுலத்தவள். உணர்ச்சியை அடக்கி அறிவின்வழி ஒழுகுவது வல்கன் நெறி. இரு குலத்துக்கும் உரியவனாய், இரண்டிலும் முழுதாகச் சேராதவனாய் நிற்கும் அவனை லியனார்ட் நிமொய் என்னும் நடிகர் தம் புருவ அசைவொன்றினாலேயே உயிர்பெறச் செய்தார். 1968இல், கறுப்பினத் தாய்க்கும் வெள்ளையினத் தந்தைக்கும் பிறந்த ஒரு சிறுமி, இரு பக்கத்தாரும் தன்னை ஏற்காத துயரத்தை ஸ்பொக்குக்கே கடிதமாக எழுதினாள். நடிகருக்கன்று, கதையில் வரும் ஸ்பொக்குக்கு! நிமொய் அதனைச் சிறுபிள்ளைத்தனமென்று ஒதுக்கவில்லை. பிறர் வெறுப்புக்குத் தன்னை ஒப்புக்கொடாமல், தன் மதிப்பைத் தானே உணர்ந்து வாழ ஸ்பொக் கற்றுக்கொண்டமையை விளக்கி, இளைஞர் சஞ்சிகையொன்றிலே நீண்ட மறுமொழி எழுதினார். ஒரு கற்பனைப் பாத்திரம் யாருக்கோ ஊன்றுகோலாகிவிட்டது. ஊன்றுகோலை யாரேனும் வளைத்தால், அதனைப் பற்றி நிற்பவர் பதறுவதில் வியப்பென்ன?

அத்தகைய பதற்றம் பின்னாளில் வந்தது. 2009ஆம் ஆண்டுத் திரைப்படத்தில், காலம் திரிந்து வேறுவழிச் சென்ற ஓர் உலகில், புதிய நடிகரின் ஸ்பொக் உகூரா என்னும் நங்கையைக் காதலித்தான். 2019இல் வந்த தொடர்ப் பகுதிகளிலே தாடி வளர்த்து, மனங்கலங்கி நின்றான்; முதல் தொடரிலே எவரும் கேள்வியுறாத வளர்ப்புச் சகோதரி ஒருத்தியும் அவனுக்கு இருந்தாள். 2022இல் தொடங்கிய தொடரிலோ சிரிக்கவும் செய்கிறான். “இவன் எங்கள் ஸ்பொக் அல்லன்” என்றனர் ஒரு சாரார். “இவன் இளம் ஸ்பொக், அடக்கம் பிறவியிலே வருவதன்று, பயின்று பெறுவது” என்றனர் மறுசாரார்.

இவ்விரண்டாஞ் சாராருக்கு எதிர்பாராத சாட்சியொன்றும் கிடைத்தது. 1964இன் இறுதியில் படமாக்கப்பட்டு, தொலைக்காட்சி நிறுவனத்தால் நிராகரிக்கப்பட்ட முதற் பரீட்சார்த்தப் பகுதியிலே, பாடும் செடிகளைக் கண்டு ஸ்பொக் முகமலர்ந்து சிரிக்கிறான். அவனுடைய குணம் அப்போது உருப்பெற்றிருக்கவில்லை. உணர்ச்சி காட்டாத இயல்பு அக்கதையிலே கப்பலின் இரண்டாம் அதிகாரியான ஒரு பெண்ணுக்கே உரியதாயிருந்தது. அக்காட்சிகள் 1966இல், பதின்மூன்று ஆண்டுகளுக்கு முந்திய நிகழ்ச்சியென்று கதைக்குள்ளே சேர்க்கப்பட்டன. அன்று தயாரிப்பாளர் வசதிக்காகச் செய்தது, இன்று ஸ்பொக்கின் இளமைக்குச் சான்றாக நிற்கிறது.

இவ்வழக்கிலே எவர் பக்கம் நியாயம்? இதனைத் தீர்க்க உதவும் ஓர் உதாரணம் நம் நாட்டிலேயே எழுதப்பட்டது. 1956 முதல் 2008இல் மறையும்வரை இலங்கையில் வாழ்ந்த ஆதர் சி. கிளார்க், ‘2001’ என்னும் நாவலிலே தம் விண்கலத்தைச் சனிக் கிரகத்துக்கு அனுப்பினார். 1968இல் அதனோடு வெளிவந்த திரைப்படத்திலோ அது வியாழனுக்குச் சென்றது. 1982இல் அடுத்த நாவலை எழுதியபோது கிளார்க் தம் முதல் நாவலைக் கைவிட்டுத் திரைப்படத்தின் வியாழனையே மேற்கொண்டார். அதனை முன்னுரையிலே ஒளிவின்றிச் சொல்லியும் விட்டார். கிரகமே மாறியும் கதை குலையவில்லை. ஆனால், மனிதரைக் கொன்ற கணிப்பொறியாகிய ஹால் விடயத்தில் அவர் அவ்வாறு எளிதாகக் கடந்துவிடவில்லை. உண்மையை மறைக்காது உரைக்கவே ஆக்கப்பட்ட ஹாலுக்கு, பயணத்தின் நோக்கத்தைக் கப்பலோட்டிகளிடம் மறைக்கும்படி கட்டளையிடப்பட்டது. அம்முரண்பாடே அதன் அறிவைப் பேதலிக்கச் செய்தது. திரைப்படம் சொல்லாது விட்ட இக்காரணத்தை இரண்டாம் நாவல் விரித்துரைத்தது. ஹாலின் செயல் மாறவில்லை. அதனைப் பற்றிய நம் எண்ணம் மாறியது. வெறுத்தவர் இரங்கினர்.

இதிலிருந்து நாம் பெறும் அளவுகோல் இதுவே: இடமும் பெயரும் நெற்றியும் மாறினால் வாசகர் மன்னிப்பர், வழுவமைதியும் தாமே தேடித்தருவர். குணம் மாறினால், அதற்குரிய காரணம் அப்பாத்திரத்தின் உள்ளத்திலிருந்தே பிறக்கவேண்டும். ஆகவே ஸ்பொக் சிரிக்கலாம். அச்சிரிப்புக்குப் பின்னே அவனுடைய இரு குலங்களும் பொருதும் போராட்டம் தெரியுமாயின் அவன் ஸ்பொக்கே. பார்ப்போரை மகிழ்விக்க மட்டும் சிரிப்பானாயின், ஸ்பொக்கின் காதுகளை அணிந்த வேறொருவன் அவன்.

இவ்வழக்குகள் சிலவேளை வரம்புகடந்து நடிகரை ஏசுவதில் முடிவதுண்டு, அது வெறுக்கத்தக்கது. ஆனால், வரம்புக்குள் நின்று வாதிடுவதை வீண்பொழுது என்று பெற்றோர் கடிந்துகொள்ள வேண்டியதில்லை. “இவன் இப்படிச் செய்வானா?” என்று ஒரு மாணவன் கேட்கும்போது, பிறனொருவனின் நெஞ்சத்துள்ளே புகுந்து பார்க்க அவன் பழகுகிறான். கூர்ங்காதனிடத்திலே தொடங்கும் அப்பழக்கம், அடுத்த வீட்டாரையும் விளங்கிக்கொள்ள உதவுமாயின் நன்றன்றோ?