காலிக் கட்டம் யாருக்கு?

சதுரங்கப் பலகையில் ஒரு ரூபாய், ஐந்து ரூபாய் நாணயங்களைக் கலந்து பரப்புங்கள். பத்துப் பன்னிரண்டு கட்டங்கள் காலியாக இருக்கட்டும். விதி ஒன்றுதான்: சுற்றிலும் மூன்றில் ஒரு பங்காவது தன்னைப்போன்ற நாணயம் இருந்தால் அசையக்கூடாது, இல்லையென்றால் தோதான காலிக் கட்டத்துக்குக் குடிபோகலாம். பெருந்தன்மையான விதிதான். ஆனாலும் சற்று நேரத்தில் ஒன்றுகள் ஒரு பக்கம், ஐந்துகள் ஒரு பக்கம் எனப் பலகை தெருத்தெருவாகப் பிரிந்துவிடும். ஒரு நாணயம் நகர்ந்தால், விட்ட இடத்திலும் போன இடத்திலும் கணக்கு மாறி, அது அடுத்ததைக் கிளப்புகிறது. அமெரிக்கப் பொருளியலாளர் தாமஸ் ஷெல்லிங் 1971-ல் விளக்கிய ஆட்டம் இது.

திருப்பூரில் ஓவர்லாக் அடிப்பவரும் செக்கிங் பார்க்கும் அக்காவும் ஒரே பனியன் கம்பெனியில் ஒன்றாக டீ குடிக்கிறார்கள். லைன் வீடு தேடும்போதுதான், வாடகையைச் சொல்லும் முன்பே கேள்வி வரும்: “எந்த ஊருங்க?” அடுத்தது, “ஊருக்குள்ளயா, காலனியாங்க?” பதில் பிடிக்காவிட்டால், “அட்வான்ஸ் வாங்கியாச்சுங்க.” ஷெல்லிங்கின் நாணயத்துக்கு எந்தக் காலிக் கட்டமும் திறக்கும். அந்த வகையில் அவருடைய பலகை நம் தெருவைவிட நாகரிகமானது.

சுவரே எழுப்பிய இடமும் உண்டு. அவிநாசி அருகே சேவூரில், தேவேந்திரன் நகரின் பட்டியலின மக்கள் பக்கத்து மனைப்பிரிவின் சுவரால் சுற்றிப் போகவேண்டியிருந்தது. அவர்கள் விடாமல் முறையிட்டபின், 2024-ல் அதன் ஒரு பகுதி இடிக்கப்பட்டது.

‘காசிருந்தால் எங்கும் வீடு கிடைக்கும்’ என்பார்கள். 2001 மக்கள்தொகைக் கணக்கை வைத்து நம் ஏழு பெருநகரங்களை அலசி, 2012-ல் வெளியான ஓர் ஆய்வு வேறு சொல்கிறது: குடியிருப்பைப் பிரிப்பதில் வசதியைவிடச் சாதிக்கே பங்கு அதிகம். அமெரிக்காவிலும் நாணயம் தானாக நகர்ந்த கதை மட்டுமல்ல. பென்சில்வேனியாவின் லெவிட்டவுன் திட்டமிட்டுக் கட்டிய புறநகர். கறுப்பினத்தவருக்கு விற்பதில்லை என்பதே கட்டியவரின் கொள்கை. 1957-ல் மையர்ஸ் என்ற கறுப்பினக் குடும்பம், அங்கே குடியிருந்த ஒருவரிடம் வீடு வாங்கிக் குடியேறியபோது கூட்டம் திரண்டு கல்லெறிந்தது. வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் இனம் பார்ப்பதைத் தடுக்கும் சட்டம் 1968-ல் வந்தது. நமக்கு அப்படியொரு தனிச்சட்டம் இல்லை.

தமிழ்நாடு பலகையில் நாணயங்களை வைக்கும் முறையையே மாற்றிப் பார்த்தது. 1998-ல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் திறந்த முதல் பெரியார் நினைவு சமத்துவபுரத்தில் 100 வீடுகள்: பட்டியலினத்தவருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவருக்கு 10. ஆனால் முதல் நாள் ஒதுக்கீட்டோடு ஆட்டம் நிற்பதில்லை.

சிங்கப்பூர் அதைப் புரிந்துகொண்டது. 1989 முதல் ஒவ்வொரு அரசு அடுக்குமாடி புளோக்கிலும் சீனர், மலாய்க்காரர், இந்தியருக்கு உச்சவரம்பு உண்டு. மறுவிற்பனைக்கும் அது பொருந்தும். சீனர் வரம்பு நிரம்பிய புளோக்கில் ஒரு தமிழர் தன் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது. வாங்குவோரில் பெரும்பாலோர் சீனர்கள். ஆகவே விலை இறங்கும். கலந்து வாழ்வதன் செலவைச் சிறுபான்மையினரே அதிகம் கட்டவேண்டிவந்தது. இப்படி விற்கமுடியாமல் தவிப்போரில் தகுதியுள்ளவர்களின் வீட்டை, 2022 முதல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகமே வாங்கிக்கொள்கிறது.