கடல் கடக்காத கதை

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் இல்லத்தில் நிகழ்ந்தது இது. அமெரிக்காவில் பணிபுரியும் என் மைத்துனர் விடுமுறைக்கு வந்தபோது, என் மகனுக்குக் கையடக்கமான வீடியோ கேம் கருவி ஒன்றைப் பரிசாகக் கொண்டுவந்தார். அடுத்த மாதம் இலண்டனிலிருந்து வந்த என் தம்பி, அண்ணன் மகனை மகிழ்விக்க எண்ணி, அதே கருவிக்குரிய கேசட் ஒன்றை வாங்கி வந்தான். இரண்டும் ஒரே நிறுவனத்தின் தயாரிப்புகள். கேசட், அளவெடுத்துச் செய்ததுபோல் கருவிக்குள் பொருந்தியது. ஆயினும் ஆட்டம் தொடங்கவில்லை.

"கெட்டுப்போய்விட்டதா, அப்பா?" என்றான் மகன்.

"இல்லையப்பா. கருவி அமெரிக்காவுக்கு உரியது. கேசட் ஐரோப்பாவுக்கு உரியது. ஒன்றோடொன்று சேராதபடி பூட்டி வைத்திருக்கிறார்கள்."

"யாருக்குப் பயந்து பூட்டினார்கள்?"

அன்று அவனுக்கு நான் சரியான விடை கூறவில்லை. சிறு பருவந்தொட்டு இவ்விளையாட்டுகளில் ஈடுபாடு கொண்டவன் நான். எனவே அக்கேள்வி என்னை விடாது தொடர்ந்தது. பிள்ளைகளின் கையிலிருக்கும் கருவியைக் கவலையோடு மட்டுமே நோக்கும் பெற்றோர் பலர். அக்கருவிக்குப் பின்னே இயங்கும் வணிக உலகையும் அவர்கள் சற்று அறிந்துகொள்ளுதல் நலம் எனக் கருதி இதனை எழுதுகிறேன்.

பூட்டுகள் மூன்று

வீட்டில் வைத்து ஆடும் வீடியோ கேம் கருவியைக் கன்சோல் என்பர். ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலையில் தன் நாட்டில் ஃபேமிகாம் என்னும் கன்சோலை வெளியிட்டது. அதே கருவி உருமாறி, பெயர் மாறி, அமெரிக்காவின் நியூயார்க் நகரக் கடைகளை அடைந்தது 1985 இன் பிற்பகுதியில்தான். அப்போது கருவிக்குள் சிறு சில்லு ஒன்று புதிதாகச் சேர்க்கப்பட்டிருந்தது. கேசட்டினுள்ளும் அதற்கு இணையான சில்லு இருந்தாலன்றி ஆட்டம் இயங்காது. உரிமம் பெறாத ஆட்டங்களைத் தடுப்பதே அதன் முதல் நோக்கம். நாளடைவில் ஒரு நாட்டுச் சரக்கை மற்றொரு நாட்டுச் சந்தையிலிருந்து பிரித்து வைக்கவும் அது பயன்பட்டது. இது முதற் பூட்டு.

அடுத்து வந்த சூப்பர் ஃபேமிகாம், 1990 நவம்பரில் ஜப்பானிலும், 1991 ஆகஸ்டில் அமெரிக்காவிலும், 1992 இல் ஐரோப்பாவிலும் வெளிவந்தது. இதன் அமெரிக்க வடிவம் ஜப்பானியக் கேசட்டை ஏற்காமற் போனதற்குக் காரணம் என்ன தெரியுமா? கேசட் செருகும் வாயில் பொருத்தப்பட்டிருந்த இரண்டு சிறு பிளாஸ்டிக் துண்டுகள்! குறடால் அவற்றை ஒடித்தெறிந்த பிள்ளைகள் ஜப்பானிய ஆட்டங்களைத் தடையின்றி ஆடினர். பூட்டு எத்தகையது என்பதை அந்தப் பிளாஸ்டிக் துண்டுகளே சொல்லிவிடுகின்றன அன்றோ?

இரண்டாம் பூட்டு தொலைக்காட்சியின் இயல்பால் வந்தது. ஜப்பானிலும் வட அமெரிக்காவிலும் தொலைக்காட்சித் திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்பட்டது. ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் நம் நாட்டிலும் 50 முறைதான். 60 என்ற கணக்கில் அமைந்த ஆட்டத்தைத் திருத்தாமல் 50 இல் ஓட்டினால் வேகம் ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும். இசையும் இழுத்துப் பாடும். திரையின் மேலும் கீழும் கறுப்புப் பட்டைகள் தோன்றும். காற்றெனப் பறக்கும் முள்ளெலியாகிய சோனிக், 1991 இல் ஐரோப்பியப் பிள்ளைகளின் வீட்டில் சற்றே களைத்தவனாகத்தான் ஓடினான். ஒப்பிட்டுப் பார்க்க வாய்ப்பில்லாத அப்பிள்ளைகள், சோனிக்கின் இயல்பே அதுதான் என்று நம்பியிருந்தனர்.

மூன்றாம் பூட்டு மொழி. இதுவே எல்லாவற்றினும் வலியது. சில்லை மாற்றலாம், பிளாஸ்டிக்கை ஒடிக்கலாம். தெரியாத மொழியில் பேசும் கதையை என் செய்வது?

எண்ணே மாறிய விந்தை

மொழிபெயர்க்காது விடப்பட்ட ஆட்டங்களால் விந்தையான குழப்பங்களும் நேர்ந்தன. ஃபைனல் ஃபேன்டசி என்னும் புகழ்பெற்ற கதைத் தொடரின் 2, 3, 5 ஆம் பாகங்கள் அக்காலத்தில் அமெரிக்கா செல்லவில்லை. ஆதலால் 4 ஆம் பாகம் 1991 இல் அங்கே 2 என்ற எண்ணுடனும், 6 ஆம் பாகம் 1994 இல் 3 என்ற எண்ணுடனும் விற்கப்பட்டன. பின்னர் 1997 இல் 7 ஆம் பாகம் தன் உண்மையான எண்ணுடன் வந்திறங்கியது. மூன்றுக்கு அடுத்தது ஏழா என்று இரசிகர்கள் திகைத்தனர். மூன்று பாகங்கள் எங்கே தொலைந்தன என்று தேடியபோதுதான், தங்களுக்கு எவையெல்லாம் மறுக்கப்பட்டிருந்தன என்பதைப் பலர் முதன்முறையாக அறிந்தனர்.

ஒரு தாயின் கதை

இவை எல்லாவற்றிலும் என் நெஞ்சை நெகிழச் செய்தது வேறொரு தொடர். ஷிகெசாடோ இதோய் என்பவர் ஜப்பானில் விளம்பர வாசகங்களுக்கும் கட்டுரைகளுக்கும் பெயர் பெற்றவர். அவர் உருவாக்கிய தொடரின் பெயர் மதர். தாய் என்பது பொருள்.

முதல் ஆட்டம் 1989 இல் ஜப்பானில் வந்தது. அதற்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் செய்து முடித்தனர். ஆனால் வெளியிடாமல் கிடப்பில் போட்டனர். அது முறைப்படி வெளிநாட்டு இரசிகர் கைக்கு வந்தது 2015 இல். 26 ஆண்டுகள்! காத்திருந்த சிறுவன் அதற்குள் தன் பிள்ளைக்குத் தந்தையாகியிருப்பான். இரண்டாம் ஆட்டம் 1994 இல் ஜப்பானிலும், எர்த்பவுண்ட் என்ற பெயரில் 1995 இல் அமெரிக்காவிலும் வந்தது. அங்கே அது எதிர்பார்த்தவாறு விற்கவில்லை. ஐரோப்பா அதனைப் பெற 2013 வரை பொறுக்க வேண்டியிருந்தது.

மூன்றாம் ஆட்டம் 2006 ஏப்ரல் 20 அன்று ஜப்பானில் வெளிவந்தது. அதன் கதையைக் கேளுங்கள். காசு என்றால் என்னவென்றே அறியாத ஒரு சிற்றூர். அங்கே ஆடு வளர்க்கும் ஒரு தந்தை, அன்பான தாய், இரட்டையரான இரு சிறுவர். தாத்தாவைக் கண்டு திரும்பும் வழியில் தாய் இறந்துபோகிறாள். பழிவாங்கச் சென்ற ஒரு மகன் காணாமற் போகிறான். அவனைத் தேடியே தந்தை நாள்களைக் கழிக்கிறார். கூச்ச இயல்புடைய மற்றொரு மகன் தனித்து வளர்கிறான். இதற்கிடையே வெளியார் சிலர் ஊருக்குள் காசையும், வீடுதோறும் ஒளிவீசும் பெட்டிகளையும் கொணர்கின்றனர். ஊரின் முகமே மாறிவிடுகிறது.

வீடியோ கேம் என்றாலே சுடுதலும் வெட்டுதலும்தான் என்று எண்ணுவோர் இக்கதையைச் சற்று எண்ணிப் பார்க்கட்டும். குடும்பமாய் அமர்ந்து பேசத்தக்க எத்தனையோ பொருள் இதில் உண்டு. இது வெளிவந்த கருவியாகிய கேம்பாய் அட்வான்சில் நாட்டுப் பூட்டு எதுவுமே இல்லை என்பதுதான் வேதனை. எந்த நாட்டுக் கேசட்டும் எந்த நாட்டுக் கருவியிலும் இயங்கும். தடையாய் நின்றது மொழி ஒன்றே. நிறுவனமோ மொழிபெயர்க்க முன்வரவில்லை. வணிகக் கணக்கே அதற்குக் காரணம் என்று நின்டெண்டோவின் அமெரிக்கக் கிளைத் தலைவராயிருந்த ரெஜி ஃபிஸ்-எமே, பதவியிலிருந்து விலகிய பின்னர் தெரிவித்தார். 2024 பிப்ரவரியில் நின்டெண்டோ தன் சந்தாச் சேவையில் இவ்வாட்டத்தைச் சேர்த்தது. அதுவும் ஜப்பானில் மட்டுமே!

இரசிகர் செய்தது

நிறுவனம் கைவிட்டதை இரசிகர் கையிலெடுத்தனர். கிளைடு மான்டெலின் என்னும் தொழில்முறை மொழிபெயர்ப்பாளரின் முன்னிலையில் ஒரு சிறு குழு, ஊதியம் ஏதுமின்றி ஏறத்தாழ ஈராண்டு உழைத்தது. 2008 அக்டோபரில் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டது. ஒரு வாரத்திற்குள் ஒரு இலட்சத்திற்கு மேற்பட்டோர் அதனைப் பெற்றுக்கொண்டனர். மான்டெலின் அத்துடன் நிற்கவில்லை. நிறுவனம் முறைப்படி வெளியிடுவதாயின் தம் மொழிபெயர்ப்பை இலவசமாகவே எடுத்துக்கொள்ளலாம் என்று 2013 இல் அறிவித்தார்.

இது முறையா என்று வினவுவோர் உண்டு. நியாயமான வினாவே. பிறர் உழைப்பைத் திருடுவதை நான் ஒருபோதும் ஆதரிக்கமாட்டேன். அக்குழுவினர் ஆட்டத்தை விற்கவுமில்லை, வழங்கவுமில்லை. ஆங்கிலச் சொற்களை மட்டுமே அளித்தனர். எனினும் ஜப்பானியக் கேசட்டைக் காசு கொடுத்து வாங்கியவர் எத்தனை பேர், ஆட்டத்தைக் குறுக்கு வழியில் நகலெடுத்தவர் எத்தனை பேர்? நேர்மையான இரசிகன் இக்கேள்வியைத் தன் மனச்சான்றிடம் கேட்டே ஆகவேண்டும். ஆனால் ஒன்று: வாயிலை அடைத்துவிட்டு, சுவரேறி வந்தாயே என்று குறைகூறுவோரும் தம் பங்குப் பழியை ஏற்கத்தான் வேண்டும்.

முறையான வழியிலும் வெற்றி கிட்டியதுண்டு. வீ என்னும் கன்சோலுக்காக ஜப்பானில் வந்த மூன்று ஆட்டங்கள் வட அமெரிக்காவுக்கு இல்லை என்ற நிலை 2011 இல் இருந்தது. இரசிகர்கள் 'ஆபரேஷன் ரெயின்ஃபால்' என்ற பெயரில் ஒன்றுகூடினர். மடல் எழுதினர், வேண்டினர், வெளியிட்டால் வாங்குவோம் என்று உறுதி கூறினர். அம்மூன்றில் ஜெனோபிளேட் க்ரானிக்கிள்ஸ் 2012 ஏப்ரலில் வட அமெரிக்காவுக்கு வந்தது. 2013 க்குள் ஏனைய இரண்டும் வந்தன. இன்று ஜெனோபிளேட் உலகறிந்த ஒரு தொடர். வாங்குவார் இல்லை என்று போட்ட கணக்கு பிழைத்துப் போயிற்று.

வணிகர் பக்க நியாயம்

மறுபக்கத்தையும் கூறாவிடில் நடுநிலை ஆகாது. கதை மிகுந்த ஆட்டத்தை மொழிபெயர்ப்பது பல நூல்களை மொழிபெயர்ப்பதற்கு ஒப்பான வேலை. வயதுக்கேற்ற தரச்சான்று பெற அமெரிக்காவில் ஓர் அமைப்பு, ஜப்பானில் வேறொன்று, ஐரோப்பாவில் மற்றொன்று. பிள்ளைகளைப் பெற்றவன் என்ற முறையில் இச்சான்றுகள் வேண்டும் என்றே நான் சொல்வேன். புதுக் கன்சோல் வெளிவரும் நாளில் ஆலையில் செய்து முடித்தவை எல்லா நாட்டுக்கும் போதாது என்பதும் உண்மை. பிளேஸ்டேஷன் 5 கன்சோலை ஜப்பானும் அமெரிக்காவும் 2020 நவம்பர் 12 அன்று பெற, நம் நாடு 2021 பிப்ரவரி 2 வரை காத்திருந்தது. தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளலாம், அதில் குற்றமில்லை. பொறுக்கவியலாதது, தானும் விற்காமல், பிறர் வாங்கி வந்ததையும் இயங்கவிடாமற் செய்வதே.

காலமும் ஒரு பூட்டு

மகிழ்ச்சிக்குரிய மாற்றம் ஒன்றும் நிகழ்ந்தது. 2017 மார்ச் 3 அன்று வெளிவந்த ஸ்விட்ச் கன்சோலில் நின்டெண்டோ நாட்டுப் பூட்டை நீக்கியது. சோனியோ 2006 இலேயே தன் பிளேஸ்டேஷன் 3 ஆட்டங்களைப் பெரும்பாலும் பூட்டின்றி வெளியிட்டிருந்தது. ஸ்விட்ச் வெளியான நாடுகளின் பட்டியலில் இந்தியா இடம்பெறவில்லை. எனினும் உறவினர் எந்த நாட்டிலிருந்து கேசட் கொண்டுவந்தாலும் அது இயங்கிற்று. எங்கள் இல்லத்தில் அதைக் கண்டு மகிழ்ந்தவன் மகன் மட்டுமல்லன்!

ஆயினும் பழைய பூட்டு புது வடிவில் திரும்பிவருகிறது. 2025 ஜூனில் ஸ்விட்ச் 2 வெளியானபோது, ஜப்பானில் இரு வகைகள் விற்கப்பட்டன. ஜப்பானிய மொழி மட்டும் கொண்டது 49,980 யென். பல மொழிகள் கொண்டது 69,980 யென். யென் மதிப்பு தாழ்ந்திருந்த வேளையில் உள்நாட்டுக் குடும்பங்களுக்கு விலை எட்டவேண்டும் என்ற நோக்கில் நியாயம் உண்டு. ஆனால் ஜப்பானில் வாழும் அயல்நாட்டுக் குடும்பம், தன் பிள்ளையின் மொழிக்காக 20,000 யென் கூடுதலாகச் செலுத்த வேண்டியதாயிற்று.

இதனினும் அச்சந்தருவது மற்றொன்று. கேசட்டும் வட்டும் மறைந்து, இணையக் கடையில் வாங்கும் வழக்கம் பெருகிவிட்டது. கடை மூடினால்? 2023 மார்ச் 27 அன்று, வீ யு, 3டிஎஸ் ஆகிய இரு கருவிகளின் இணையக் கடைகளில் விற்பனை நின்றது. அங்கன்றி வேறெங்கும் கிடைக்காத ஆட்டங்களை வாங்கும் வழி அன்றோடு அடைபட்டது. அமெரிக்காவில் 2010 க்கு முன் வெளிவந்த ஆட்டங்களுள் 87 விழுக்காடு இப்போது விற்பனையில் இல்லை என்று, வீடியோ கேம் வரலாற்றைப் பேணும் அமெரிக்க அமைப்பொன்று 2023 இல் ஆய்ந்து கூறிற்று. நாடு ஒரு பூட்டாயிருந்த காலம் போய், காலமே ஒரு பூட்டாகும் நிலை வந்துவிட்டது.

இரசிகனின் வேண்டுகோள்

வணிகரிடம் நான் வேண்டுவது பெரிதன்று. எல்லா நாட்டிலும் ஒரே நாளில் விற்க இயலாதா? வேண்டாம், விற்ற பொருளைப் பூட்டாதிருங்கள். மொழிபெயர்க்கப் பொருளில்லையா? ஆர்வலர் ஊதியமின்றி நீட்டும் கையைப் பற்றிக்கொள்ளுங்கள். கடையை மூடுகிறீர்களா? விற்ற ஆட்டங்களைக் காத்துவைக்கும் பொறுப்பை நூலகங்களிடமேனும் ஒப்படையுங்கள்.

பெற்றோரே, உங்களுக்கும் ஒரு சொல். அயல்நாட்டு உறவினரிடம் கன்சோலோ ஆட்டமோ கேட்குமுன், எந்த நாட்டுக்குரியது, எந்த மொழியில் உள்ளது, எந்த வயதினர்க்கு ஏற்றது என்னும் மூன்றையும் விசாரியுங்கள். இணையக் கடைக்குரிய பரிசு அட்டையாயின், அது எந்த நாட்டுக் கணக்கில் செல்லும் என்பதையும் கேட்டறியுங்கள். பிறகு, பிள்ளை ஆடும்போது ஒருமுறையேனும் அருகே அமருங்கள். அதில் உள்ள கதை என்னவென்று கேளுங்கள்.

என் மகன் வளர்ந்துவிட்டான். அண்மையில் ஒரு மாலைப்பொழுதில், தாயை இழந்த அந்த இரட்டையரின் கதையை அவனுக்கு நான் வாய்மொழியாகவே சொன்னேன். முடித்தபோது சிறிது நேரம் பேசாதிருந்தான். பின்பு, "இதையா, அப்பா, விற்காமல் வைத்திருக்கிறார்கள்?" என்றான்.