மாடியில் வெண்டைக்காய்... சீலிங்கில் பென்சில் கோடு!

காலை ஆறேகால் மணிக்குக் காலிங்பெல் அடித்தால் ஒன்று பால்காரர், இல்லையென்றால் கெட்ட செய்தி. அன்றைக்குப் பால் ஏற்கெனவே வந்துவிட்டது.

கதவைத் திறந்தேன். மூன்றாவது மாடி இன்ஜினீயர் சார். வாழ்நாள் முழுக்கக் கட்டடம் கட்டியே ரிட்டயர் ஆனவர். இப்போது எங்கள் அபார்ட்மென்ட் அசோஸியேஷன் செயலாளர்.

"சார், உங்க வீட்டு வெண்டைக்காய் எங்க பெட்ரூமுக்கு வந்துடுச்சு" என்றார்.

"அப்படியா? எத்தனை காய்?" என்று கேட்டது என் தப்புதான்.

பேசாமல் என்னை மேலே அழைத்துப் போனார். நாங்கள் முதல் மாடி. அவருடைய வீட்டுக்கு மேலே மொட்டை மாடி. மொட்டை மாடியில் எங்கள் தோட்டம். அதாவது, செடி எங்களுடையது. அதற்கு அடியில் இருக்கிற சீலிங் அவருடையது. பெட்ரூமில் கட்டிலை ஓரமாகத் தள்ளி, நடுவில் ஒரு பக்கெட் வைத்திருந்தார்கள். அண்ணாந்து பார்த்தேன். ஆஸ்திரேலியா மேப் மாதிரி ஓர் ஈரக் கறை. ஐப்பசி மாசத்து முதல் மழை இரண்டு நாள்தான் பெய்திருந்தது.

இன்ஜினீயர் சார் ஸ்டூலில் ஏறினார். தச்சர்கள் காதில் சொருகி வைத்துக்கொள்வார்களே, அந்தப் பட்டைப் பென்சிலால் கறையின் விளிம்பைச் சுற்றிக் கோடு போட்டார். பக்கத்தில் தேதியும் எழுதினார்.

"கார்த்திகை முடியறதுக்குள்ள கறை இந்தக் கோட்டைத் தாண்டினா, மாடியில ஒரு செடி இருக்கக் கூடாது. நான் சொல்லலை சார், கமிட்டி சொல்லுது."

லட்சுமணனுக்குப் பிறகு ஒரு கோட்டுக்கு இவ்வளவு மரியாதை கிடைத்தது அன்றைக்குத்தான்.

எனக்குக் கவலை வெண்டைக்காயைப் பற்றி அல்ல. அது மார்க்கெட்டில் கிடைக்கும். அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது?

அம்மாவுக்கு எழுபத்து நாலு வயசு. அப்பா போன பிறகு மாயவரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து அழைத்து வந்தோம். அங்கே கொல்லை நிறைய வாழை, அவரைப் பந்தல், முருங்கை. இங்கே ஒரு பால்கனி. அதிலும் பாதி ஏ.சி. மெஷின். மூன்று மாசம் அம்மா டி.வி.யைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். டி.வி. அணைத்திருக்கும்போதும்! சோற்றை அளைந்துவிட்டு எழுந்து போய்விடுவாள். டாக்டர் பார்த்தார், எல்லாம் நார்மல் என்றார்.

ஒரு நாள் காலி எண்ணெய் டின்னில் கொஞ்சம் வெந்தயத்தைத் தூவி மாடியில் வைத்தாள். நாலாம் நாள் முளை வந்தது. அன்று ராத்திரி, "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தும்மா" என்று மருமகளிடம் கேட்டாள். என் மனைவி சமையலறையில் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இதற்குப் பிறகு நான் சும்மா இருப்பேனா? தோட்டக் கருவிகள் செட், பன்னிரண்டு அயிட்டம், கையுறையோடு 1,450 ரூபாய்க்கு வாங்கி வந்தேன். பச்சைப் பிடி போட்ட கைக்கரண்டி முதல் குத்திலேயே எனக்கு வணக்கம் சொல்வது மாதிரி வளைந்தது. முள்கரண்டிக்கு இரண்டாவது நாள் பல் போயிற்று. கையுறை மட்டும் இன்னும் புதுசாக இருக்கிறது, ஏனென்றால் யாரும் போட்டுக்கொள்ளவில்லை.

"மூணு சாமான் போதும்ப்பா" என்றாள் அம்மா. ஒரு களைக்கொத்து. கொத்தனார் பூசுகிற கரணை ஒன்று. இரும்புக்கடையில் வாங்கினால் ஆயுசுக்கும் வளையாது. மூன்றாவது, கவாத்துக் கத்தரி. முதல் இரண்டில் மிச்சம் பிடியுங்கள், ஆனால் இந்தக் கத்தரிக்கு மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மொண்ணைக் கத்தரி கிளையை வெட்டாது, நசுக்கும். நசுங்கிய இடத்தில் அழுகல் நுழையும். ஒரு அலகு இன்னொன்றைத் தாண்டிப் போகிற மாதிரி இருப்பதை வாங்கி, தீட்டும்போது சாய்வாக இருக்கிற பக்கத்தை மட்டும் தீட்ட வேண்டும். நான் இரண்டு பக்கமும் தீட்டினேன். அதற்கப்புறம் அது காகிதம்கூட வெட்டவில்லை.

மற்றதெல்லாம் வீட்டிலேயே செய்துகொண்டோம். குளிர்பான பாட்டில் மூடியில் சுட்ட ஊசியால் இருபது ஓட்டை போட்டால் பூவாளி ரெடி. நாற்றுக்கு இதுதான் உசத்தி. சொம்பால் ஊற்றினால் விதை எல்லாம் ஓரத்தில் போய்ச் சேர்ந்து மாநாடு நடத்தும். பெயின்ட் வாளிகளைப் பெயின்டரிடம் சொல்லி வைத்து வாங்கி, நன்றாகச் சுரண்டிக் கழுவி, அடியில் ஐந்தாறு ஓட்டை. ஓட்டை மேல் ஓட்டாஞ்சில்லு, அதன் மேல் ஒரு பிடி தேங்காய் நார். தண்ணீர் போகும், மண் போகாது. வெள்ளை ஈ வந்தபோது மஞ்சள் பிளாஸ்டிக் மூடிகளில் விளக்கெண்ணெய் தடவிக் குச்சியில் கட்டினோம். மஞ்சளைப் பார்த்தால் அதற்கு ஒரு மயக்கம். வந்து ஒட்டிக்கொள்ளும்.

தண்ணீர்தான் பிரச்னை. மாடியில் ஒரு குழாய் இருக்கிறது, ஆனால் அதற்குப் பூட்டு. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று சென்னையின் நாலு ஏரியும் வறண்டு, லாரித் தண்ணீருக்கு ஊரே குடத்தோடு நின்றதே, அப்போது போட்டது. அதற்குப் பிறகு ஏரிகள் எத்தனையோ தடவை நிரம்பிவிட்டன. சாவி மட்டும் கிடைக்கவில்லை. ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்தோம். புழுக்கமான ராத்திரியில் ஒரு வாளி தேறும். உப்பே இல்லாத தண்ணீர், செடிக்கு அமிர்தம். அரிசி கழுவின தண்ணீரும் மேலே போகும். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளுகிற தண்ணீரை மட்டும் செடிக்கு ஊற்றாதீர்கள். உப்பெல்லாம் சேர்ந்து அதில்தான் இருக்கிறது. தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

வைகாசியில் ஊரில் ஒரு கல்யாணம். ஒன்பது நாள். வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டுப் போனோம். அவரும் தவறாமல் தண்ணீர் ஊற்றினார். அவருக்குத் தெரிந்த ஒரே செடிக்கு, வாசல் குரோட்டன்ஸுக்கு! திரும்பி வந்தபோது மாடியில் பதினோரு வாளியில் வெறும் குச்சி. அம்மா ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு இறங்கி வந்தாள். அன்று ராத்திரி சாப்பிடவில்லை. அணைத்த டி.வி.க்கு முன்னால் மறுபடி போய் உட்கார்ந்தாள்.

அடுத்த நாளே குயவரிடம் ஓடினேன். சின்ன மண் கலயம், பெயின்ட் அடிக்காதது, பத்து வாங்கினேன். அகலமான தொட்டியில் கழுத்து வரைக்கும் புதைத்து, தண்ணீர் நிரப்பி, வாயை ஓட்டால் மூடிவிட வேண்டும். மூடாவிட்டால் கொசு குடும்பம் நடத்தும். மண் காய்ந்தால் கலயம் கசியும். ஈரமாக இருந்தால் கசிவு குறையும். செடி கேட்டால் கொடுக்கும், கேட்காவிட்டால் சும்மா இருக்கும். இப்படிப் பானையைப் புதைத்து முலாம்பழம் வளர்க்கிற விதத்தை இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே ஃபான் ஷெங்-ஜி என்ற சீனாக்காரர் எழுதி வைத்திருக்கிறார். ஒரே கஷ்டம், உப்புத் தண்ணீரானால் நாளடைவில் கலயத்தின் துளைகள் அடைத்துக்கொள்ளும். வினிகர் கலந்த தண்ணீரில் ஊறவைத்து நாரால் தேய்த்தால் ஓரளவு திறக்கும்.

வாளித் தக்காளிக்குக் கலயம் புதைக்க இடமில்லை. மெடிக்கல் ஷாப்பில் போய் நாலு சலைன் செட் கேட்டேன்.

"யாருக்கு சார் உடம்பு சரியில்லை?"

"தக்காளிக்கு."

கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். (புதுசுதான் வாங்க வேண்டும். ஆஸ்பத்திரியில் கழற்றிப் போட்டதைத் தொடாதீர்கள்!) ஊசியைக் கழற்றி எறிந்துவிட்டு, குழாயை ஒரு கேனோடு இணைத்து, கேனை உயரத்தில் வைத்தால் போதும். சக்கரத்தை உருட்டி நிமிஷத்துக்குப் பத்துச் சொட்டு வைத்தேன். இருபது சொட்டு ஒரு மில்லி என்று உறையிலேயே போட்டிருந்தது. ஆக மணிக்கு 30 மில்லி, ஒரு நாளைக்கு 720 மில்லி. கேனில் தண்ணீர் குறையக் குறையச் சொட்டும் குறையும் என்பதை மறக்க வேண்டாம். கேனுக்குக் கறுப்புத் துணி சுற்றாவிட்டால் பாசி பிடித்துக் குழாய் அடைத்துக்கொள்ளும்.

இத்தனையும் செய்து, ஆவணியில் வெண்டை, கொத்தவரை, பாகல் என்று மாடி பச்சையாக நிற்கிற நேரத்தில்தான் அந்த ஆஸ்திரேலியா!

இன்ஜினீயர் சாரும் நானும் மாடிக்குப் போனோம். மழைத்தண்ணீர் இறங்குகிற குழாய் வாயில் அவர் ஒரு கம்பியை விட்டு இழுத்தார். நார்க்கழிவு, காய்ந்த இலை, பட்டம் விட்ட நூல், என் மனைவி ஒரு மாசமாகத் தேடிக்கொண்டிருந்த ஒரு ஸ்பூன்... எல்லாம் வந்தது. தண்ணீர் 'மடமட'வென்று இறங்கியது. இரண்டு நாளாக மாடியில் குளம் கட்டி நின்றிருக்கிறது. குற்றவாளி மழை அல்ல, நான்தான்.

அடுத்து ஒரு வாளியை நகர்த்தச் சொன்னார். அடியில் தட்டோடு கறுத்து, பாசி பிடித்து, இணைப்பில் சிமென்ட் உதிர்ந்திருந்தது. தரையோடு தரையாக வைத்ததால் அந்த இடம் காய்ந்ததே இல்லை.

"இந்த வாளி என்ன வெயிட் இருக்கும்?"

"தெரியலையே சார்."

"ஈர மண்ணு. 35 கிலோ குறையாது. ஒரு சதுர மீட்டர்ல ஒன்பது வாளி ஒட்டி ஒட்டி வெச்சிருக்கீங்க. 315 கிலோ! ஆள் நடமாடுற மொட்டை மாடிக்கு ஐ.எஸ். 875-ல போட்டிருக்கிற கணக்கு சதுர மீட்டருக்கு 150 கிலோ சார்!"

எனக்குக் கால் கூசியது. அவருடைய தலைக்கு மேல் நாங்கள் ஒரு லாரி மண்ணை ஏற்றி வைத்துவிட்டு வெண்டைக்காய் சாம்பார் சாப்பிட்டிருக்கிறோம்.

கைப்பிடிச் சுவரின் விரிசலில் இரண்டு இலையோடு ஓர் அரசங்கன்று நின்றது. "இதுதான் நிஜ வில்லன். காக்கா போட்டது. இப்பவே புடுங்கலேன்னா சுவரைப் பொளந்துடும்" என்று அவரே பிடுங்கி எறிந்தார்.

கீழே வந்து அம்மாவிடம் சொன்னேன். கோடு, கார்த்திகை, கமிட்டி எல்லாம். கேட்டுவிட்டு ஒரு நிமிஷம் பேசவில்லை. பிறகு, "அவர் வீட்டுச் சுவரு நனையுதே, பாவம்ப்பா. என்ன பண்ணணும்னு கேட்டியா?" என்றாள்.

நாலு நாள் வேலை. வாளிகளைக் கவிழ்த்தோம். ஐந்து கிலோ நார்க்கழிவுக் கட்டிகளை ஊறவைத்தால் குழந்தைகள் குளிக்கிற தொட்டி நிரம்புகிற அளவுக்கு உப்புகிறது! ஊறின தண்ணீர் டிகாஷன் மாதிரி இருக்கும். அதில் உப்பு உண்டு. இரண்டு மூன்று தடவை அலசிப் பிழிந்தாக வேண்டும். போன தடவை அலசாமல் போட்டுத்தான் கீரை கருகியது. செம்மண் ஒரு பங்கு, நார்க்கழிவு ஒரு பங்கு, மட்கிய எரு ஒரு பங்கு. செடி நட்டுத் தண்ணீர் ஊற்றி, வீட்டு எடை மெஷினில் வைத்தேன். 21 கிலோ!

வாளிக்கு மூன்று செங்கல். காற்று போகும், தரை காயும், பெருக்கலாம். சதுர மீட்டருக்கு நாலு வாளிக்கு மேல் இல்லை. அதுவும் கீழே பீமும் சுவரும் வருகிற இடமாக இன்ஜினீயர் சார் சாக்பீஸால் கோடு போட்டுக் கொடுத்தார். (மனுஷருக்குக் கோடு போடாமல் இருக்க முடியாது.) வாளிக்கு அடியில் வைத்திருந்த தட்டுகளைத் தூக்கி எறியச் சொன்னார். தேங்கின தண்ணீரில் ஒரு வாரம், பத்து நாளில் டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்கிற வரைக்கும் வந்துவிடுமாம். குழாய் வாய்க்கு ஒரு பழைய பிளாஸ்டிக் பழக்கூடையைக் கவிழ்த்து மேலே செங்கல் வைத்தோம். காசில்லாத வடிகட்டி. உதிர்ந்த தட்டோட்டு இணைப்புகளை அவரே முழங்காலிட்டு உட்கார்ந்து பூசினார். கரணை? அம்மாவுடையதுதான்!

கார்த்திகையில் மூன்று நாள் விடாத மழை. அம்மா மாடிக்குப் போகவே இல்லை. அதற்குப் பதிலாக, தினம் காலையில் லிஃப்டில் ஏறி மூன்றாவது மாடிக்குப் போனாள். கையில் ஒரு சம்புடத்தில் கொஞ்சம் துவையலோ, அடையோ. "சும்மா சீலிங்கைப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேம்மா" என்பாளாம். இன்ஜினீயர் வீட்டம்மா காபி கொடுப்பாராம். அண்ணாந்து பார்த்தபடியே குடிப்பாளாம்.

கார்த்திகைக் கடைசி நாள். கமிட்டி ஆட்கள் நாலு பேர், நான், என் மனைவி, அம்மா எல்லோரும் அவர்கள் பெட்ரூமில். இன்ஜினீயர் சார் ஸ்டூலில் ஏறி டார்ச் அடித்தார். கறையின் நடுப்பகுதி காய்ந்து வெளுத்திருந்தது. ஆனால் ஓர் ஓரத்தில் முகத்தைச் சுளித்தார்.

"இங்க கோட்டைத் தொட்டுடுச்சே..."

எனக்கு நெஞ்சு அடைத்தது. அம்மா கண்ணாடியைச் சரி செய்துகொண்டு கிட்டே போனாள்.

"தம்பி, நீங்க போட்டது பட்டைப் பென்சில். கோடே ஒரு நெல் கனம் இருக்கு. உள் ஓரத்தைத்தானே தொட்டிருக்கு? வெளி ஓரத்தைத் தாண்டினாத்தானே தாண்டினதா கணக்கு?"

இன்ஜினீயர் சார் டார்ச்சை அணைத்தார். கமிட்டியைப் பார்த்தார். "அம்மா சொல்றது டெக்னிக்கலா கரெக்ட்" என்று இறங்கிவிட்டார்.

பொங்கலன்று காலை மாடிக்குப் போனேன். அம்மாவின் வாளிகளுக்குப் பக்கத்தில் புதிதாக இரண்டு வாளி. மூன்று மூன்று செங்கல் மேல், சரியாகப் பீமுக்கு நேராக. ஒன்றில் கத்தரி நாற்று, ஒன்றில் மிளகாய். வாளியின் வெளிப்பக்கத்தில் பட்டைப் பென்சிலால் நட்ட தேதி எழுதியிருந்தது. குழாயில் பூட்டைக் காணோம்.