பத்து வயதிலும் மாயக் கதைகளை நம்பும் பிள்ளை: பெற்றோர் என்ன செய்வது?

புத்தகத்துக்குள் மயிலிறகை வைத்து, அது குட்டி போடும் என்று காத்திருந்த அனுபவம் நம்மில் பலருக்கும் உண்டு. விழுந்த பல்லைக் கூரை மேல் எறிந்ததும் உண்டு. ஐந்து, ஆறு வயதில் இவையெல்லாம் அழகுதான். ஆனால் பத்து, பதினொரு வயதுப் பிள்ளை, டோரேமான் எங்கோ நிஜமாகவே இருக்கிறது, ஒருநாள் தன் மேசை இழுப்பறையிலிருந்து வெளியே வரும் என்று நம்பினால் நமக்குக் கவலை வந்துவிடுகிறது.

அப்போது பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறோம். "இவ்வளவு பெரியவனாகியும் இன்னுமா?" என்று எல்லோர் முன்னிலையிலும் சிரிக்கிறோம். அல்லது, பிள்ளையின் மனம் நோகக்கூடாது என்று நாமும் சேர்ந்து பொய் சொல்கிறோம். இரண்டுமே பிள்ளைக்கு நல்லதல்ல.

இது குறைபாடா?

சுமார் 7 வயதிலிருந்து பிள்ளைகளின் சிந்தனையில் தர்க்கம் வளர்கிறது என்று சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே விளக்கினார். ஆனால் பிறந்தநாள் கேக் வெட்டியதும் கற்பனை அணைந்துவிடுவதில்லை. அமெரிக்க உளவியலாளர் மார்ஜரி டெய்லரும் குழுவினரும் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், 7 வயதுக்குள் ஏதோ ஒரு கட்டத்தில் கற்பனைத் தோழன் இருந்த பிள்ளைகள் சுமார் 65 சதவீதம். அந்தத் தோழன் நிஜமல்ல என்பது அப்படிப்பட்ட பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தெரிந்தே இருக்கிறது.

வளர்ந்த பிள்ளையிடமும் பல நேரங்களில் இருப்பது முழு நம்பிக்கை அல்ல. 'இருந்தால் நன்றாக இருக்குமே' என்ற ஆசை. டோரேமான் கதையையே பாருங்கள். நோபிட்டா மதிப்பெண் வாங்காதவன், பலசாலிப் பையனிடம் அடி வாங்குகிறவன். அவனுக்குத் துணையாக வருவதுதான் அந்தப் பூனை ரோபோ. எனவே, "டோரேமான் வந்தால் முதலில் என்ன கேட்பாய்?" என்று பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். "கணக்குப் பாடம் மறக்காத ரொட்டி" என்றாலும், "என்னை அடிக்கிறவனை விரட்டணும்" என்றாலும், நாம் கவனிக்க வேண்டியது கார்ட்டூனை அல்ல, பள்ளிக்கூடத்தை.

சிறகுள்ள குதிரை

நபி (ஸல்) அவர்கள் ஒரு பயணத்திலிருந்து திரும்பியபோது, ஆயிஷா (ரலி) அவர்களின் பொம்மைகளுக்கு நடுவே துணியால் செய்த இரு சிறகுகள் கொண்ட குதிரையைக் கண்டார்கள். குதிரைக்குச் சிறகா என்று கேட்டார்கள். சுலைமான் (அலை) அவர்களிடம் சிறகுள்ள குதிரைகள் இருந்ததை நீங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று ஆயிஷா (ரலி) பதில் சொல்ல, நபியவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள் என்று அபூதாவூதில் பதிவாகியுள்ளது. அது கேலிச் சிரிப்பல்ல. முதலில் கேட்டார்கள், பதிலைச் செவிமடுத்தார்கள், பிறகு மகிழ்ந்தார்கள். நாம் சிரிக்கும் முன் கேட்கிறோமா?

பொய்யால் வரும் ஆபத்து

ஒரு தாய் தன் சிறு மகனை, வா, ஒன்று தருகிறேன் என்று அழைத்தார். என்ன கொடுக்க நினைத்தாய் என்று நபி (ஸல்) அவர்கள் கேட்க, பேரீச்சம்பழம் என்றார் அந்தத் தாய். எதையும் கொடுக்காமல் இருந்திருந்தால் அது உன்மீது ஒரு பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்று நபியவர்கள் எச்சரித்தார்கள். இதுவும் அபூதாவூதில் உள்ள செய்தி.

சோறு ஊட்ட 'பூச்சாண்டி வருகிறான்' என்கிறோம். தூங்க வைக்க ஜின்னைச் சொல்லிப் பயமுறுத்துகிறோம். அதே வாயால் மலக்குகளையும் மறுமையையும் கற்பிக்கிறோம். பூச்சாண்டி பொய் என்று தெரியும் நாளில், "அப்படியானால் மற்றதும்?" என்று பிள்ளை யோசிக்காதா? இங்கே பணயம் வைக்கப்படுவது ஒரு கார்ட்டூன் அல்ல. நம் சொல்லின் மீது பிள்ளை வைத்திருக்கும் நம்பிக்கை.

ஆகவே வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லிக் கொடுப்போம். மலக்குகளும் ஜின்களும் நம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் வஹீ மூலம் அறிந்த உண்மை. டோரேமான் மனிதர் வரைந்த கதை; ரசிக்கலாம், காத்திருக்கத் தேவையில்லை. பூச்சாண்டி நாம் சொன்ன பொய். அதற்குப் பிள்ளையிடம் வருத்தம் தெரிவிப்பதில் வெட்கமில்லை.

எப்படித் திருத்துவது?

நபி (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் இறந்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. மக்கள் அதை அந்த மரணத்தோடு இணைத்துப் பேசினர். மகனை இழந்த துயரிலும், யாருடைய மரணத்துக்காகவும் பிறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று நபியவர்கள் விளக்கினார்கள். தமக்குப் பெருமை தரும் தவறான நம்பிக்கையைக்கூட அப்படியே விட்டுவிடவில்லை. அதைச் சொன்னவர்களை இழிவுபடுத்தவும் இல்லை.

பிள்ளை "நிஜமா, உம்மா?" என்று கேட்டால், "நீ என்ன நினைக்கிறாய்?" என்று ஒருமுறை திருப்பிக் கேளுங்கள். பதிலை அவனே கண்டுபிடிக்க வாய்ப்புக் கொடுங்கள். அதன் பிறகும் கேட்டால் தனிமையில், சுருக்கமாக உண்மையைச் சொல்லுங்கள். தம்பி தங்கை முன்பும் உறவினர் முன்பும் வேண்டாம். கதையைப் பிடுங்காமல், அந்தப் பாத்திரத்தை வைத்து அவனையே ஒரு கதை எழுதவோ வரையவோ சொல்லலாம். கதையை உருவாக்கும் பிள்ளைக்கு, கதை எப்படி உருவாகிறது என்பதும் புரிந்துவிடும்.

ஆனால் உயிருக்கு ஆபத்தான நம்பிக்கையை உடனே, நேரடியாகத் திருத்த வேண்டும். 1997-இல் தொடங்கிய சக்திமான் தொடரின் காலத்தில், அவர் காப்பாற்ற வருவார் என்று நம்பிச் சிறுவர்கள் விபரீதத்தில் இறங்கியதாகச் செய்திகள் வந்ததை மறக்க முடியாது. அதேபோல, தன்னிடம் பேசும் குரல் கட்டளையிடுவதாகப் பிள்ளை சொன்னாலோ, நண்பர்கள், படிப்பு, தூக்கம் எல்லாவற்றையும் விட்டு ஒதுங்கினாலோ, அடிப்பதோ திட்டுவதோ தீர்வல்ல. தாமதிக்காமல் குழந்தைகள் நல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

மற்றபடி, கற்பனை தானாகவே தன் இடத்துக்குப் போய்விடும், இன்ஷா அல்லாஹ். அன்று, "எல்லோரும் சிரித்தபோது அத்தாவும் உம்மாவும் சிரிக்கவில்லை, கேட்டபோது பொய்யும் சொல்லவில்லை" என்று பிள்ளை நம்மை நினைக்க வேண்டும்.