படத்தாளில் நிறம் நிற்பது எப்படி?

சாதாரணத் தாளில் அச்சிட்ட படம் மங்குவதற்குக் காரணம், மைத்துளி நாரிழைகளில் பரவி உள்ளிறங்குவதே; இங்க்ஜெட் படத்தாளிலோ சிலிக்காவின் நுண்துளைப் பூச்சு மையின் நீரை உறிஞ்சி, நிறத்தை மேற்பரப்பை ஒட்டியே நிறுத்துகிறது. உதகமண்டலத்தில் 1960இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த தாள், வெள்ளி உப்பில் ஒளிபட்டு உருவம் எழும் வேறு வகை.

வீட்டு அச்சுக்குத் தாள் வாங்குவோர், ஜிஎஸ்எம் எனப்படும் சதுர மீட்டருக்கான கிராம் எடையை மட்டும் நம்பலாகாது. அது தாளின் கனத்தைச் சொல்லுமேயன்றிப் பூச்சின் தரத்தைச் சொல்லாது. பூச்சின் அடியில் பாலிஎத்திலீன் படலமுள்ள ஆர்.சி. தாள் எளிதில் நெளியாது, ஆயினும் விலை கூடுதல். படலமற்ற பளபளப்புத் தாள் மலிவு, ஆல்பத்துக்கு அதுவே போதும். நுண்துளைத் தாளில் சாய மை காற்றின் ஓசோனால் வெளிறுமாதலால், சுவரில் மாட்டும் படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் தேவை. லேசர் அச்சுப்பொறியின் சூட்டில் படலம் உருகக்கூடுமாதலால், இங்க்ஜெட் தாளை அதில் இடவே கூடாது.