இருப்பு ஏழா, எட்டா?

உலகெங்கும் நூல்களை அனுப்பி விற்கும் ஒரு நிறுவனம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் கிடங்கில் ஒரு நூலின் பிரதிகள் 10 உள்ளன. ‘இருப்பு 10’ என்ற இக்குறிப்பு இரண்டு கணிப்பொறி நிலையங்களில் பதிவாகியிருக்கிறது. ஒன்று மும்பையில், மற்றொன்று அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில். இந்தியாவில் வாங்குவோருக்கு மும்பை நிலையமும், அமெரிக்காவில் வாங்குவோருக்கு வர்ஜீனியா நிலையமும் விடை தருகின்றன. ஒரு நொடியில் மும்பை வழியாக 3 பிரதிகள் விற்கின்றன. மும்பை தன் பதிவை 7 என்று திருத்திக்கொள்கிறது. ஏறத்தாழ அதே நொடியில் வர்ஜீனியா 2 பிரதிகளை விற்று, 8 என்று எழுதிக்கொள்கிறது. பிறகு இரண்டும் செய்தி பரிமாறிக்கொள்கின்றன. இருப்பு ஏழா, எட்டா?

இரண்டுமே அல்ல என்பதை இதற்குள் நீங்கள் கண்டிருப்பீர்கள். கிடங்கில் எஞ்சியிருப்பவை 5. கணிப்பொறிகள் பிழை எதுவும் செய்யவில்லை. கழித்தலை ஒழுங்காகவே செய்தன. இருந்தும் பதிவு தவறிவிட்டது. ஒரே தகவலின் இரு படிகள் ஒன்றையொன்று அறியாமல் வெவ்வேறாக மாறிவிடுவதைத் தரவு மோதல் என்கிறோம். ‘கிளவுட்’ என்று வழங்கும் வாடகைக் கணிப்பொறி நிலையங்களில், பல நாடுகளில் படிகளை வைத்திருக்கும் தரவுத்தளங்களுக்கு இது தீராத தலைவலி.

பதிவேட்டை ஓரிடத்தில் மட்டும் வைத்தால் என்ன? இங்கேதான் இயற்பியல் குறுக்கிடுகிறது. கண்ணாடி இழையின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.5. ஆகவே அதனுள் ஒளி நொடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர்தான் செல்லும். மும்பைக்கும் வர்ஜீனியாவுக்கும் இடையே சுமார் 13,000 கி.மீ. ஒரு கேள்வி போய் விடை திரும்ப, மிகக் குறைந்த அளவில் 130 மில்லிநொடி ஆகும். கடலடி வடங்கள் நேர்கோட்டில் செல்வதில்லையாதலால் உண்மையில் இன்னும் கூடும். ஒரு பக்கத்தைத் திரையில் காட்டப் பத்து முறை கேட்டு விடை பெற வேண்டுமானால் ஒரு நொடிக்கு மேல் ஓடிவிடும். எத்தனை கோடி செலவிட்டாலும் இந்த எல்லையை நகர்த்த முடியாது.

வடம் அறுந்துவிட்டாலோ நிலைமை இன்னும் மோசம். கையிலுள்ள பழைய பதிவை வைத்து விடை சொல்லலாம். அல்லது இணைப்புத் திரும்பும் வரை கதவை அடைத்துவிடலாம். மூன்றாவது வழி இல்லை. எரிக் புரூவர் 2000ஆம் ஆண்டில் இதை ஓர் ஊகமாகச் சொன்னார். சேத் கில்பர்ட், நான்சி லிஞ்ச் இருவரும் 2002இல் அதை நிறுவிக் காட்டினர். கடைக்காரர் யாரும் கதவை அடைக்க விரும்புவதில்லை. எனவே மோதல்கள் வரத்தான் செய்யும்.

வந்த மோதலைத் தீர்க்க எளிய விதி ஒன்று உண்டு: ‘பிந்தி எழுதியது வெல்லும்’. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் காஸ்மாஸ் டிபி என்னும் தரவுத்தளம், வேறு கட்டளை இல்லாதபோது இவ்விதியையே கைக்கொள்கிறது. ஆனால் எது பிந்தியது? சாதாரணக் குவார்ட்ஸ் கடிகாரம் பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகினாலும், ஒரு நாளில் 1.7 நொடி தவறிப்போகும். வலையமைப்பின் வழியே அடிக்கடி திருத்தினாலும் சில மில்லிநொடிப் பிசகு எஞ்சும். கூகுள் தன் ஸ்பேனர் தரவுத்தளத்துக்காக நிலையங்களில் அணுக்கடிகாரங்களையும் ஜி.பி.எஸ். ஏற்பிகளையும் வைத்தது. 2012இல் வெளியான அதன் விளக்கத்தில் இயற்பியல் மாணவரை மகிழ்விக்கும் ஒரு செய்தி உண்டு. அக்கடிகாரம் ‘இப்போது மணி இது’ என்று சொல்வதில்லை; ‘இதற்கும் இதற்கும் இடையில்’ என்று, நாம் ஆய்வுக்கூடத்தில் எழுதும் பிழை எல்லையுடன் சேர்த்தே சொல்கிறது.

இந்த ‘முன், பின்’ என்பதையே 1978இல் லெஸ்லி லாம்போர்ட் ஒரு கட்டுரையில் துருவி ஆராய்ந்தார். சிறப்புச் சார்பியல் தந்த தூண்டுதல் அதில் தெளிவாகத் தெரியும். ஒரு நிகழ்ச்சியைப் பற்றிய செய்தி மற்றொன்றை எட்டியிருக்கக் கூடுமானால், முதலாவது முந்தியது. எந்தப் பக்கமும் செய்தி எட்டியிருக்க முடியாதெனில், அவற்றில் எது முந்தியது என்ற கேள்விக்கே பொருளில்லை, அவை உடனிகழ்வுகள். நம் இரு விற்பனைகளும் இத்தகையவை.

உடனிகழ்வைக் கண்டுபிடிக்கக் கடிகாரம் வேண்டியதில்லை, எண்ணிக்கை போதும். ஒவ்வொரு பதிவிலும் ‘மும்பை எத்தனை திருத்தம், வர்ஜீனியா எத்தனை திருத்தம்’ என்று இரு எண்களை ஒட்டுவோம். தொடக்கத்தில் (0, 0). மும்பையின் திருத்தம் (1, 0). வர்ஜீனியாவினது (0, 1). வர்ஜீனியாவின் திருத்தத்தைப் பார்த்த பிறகு மும்பை எழுதியிருந்தால் (1, 1) என்று இருந்திருக்கும். அப்போது அது பழையதைத் தயங்காமல் நீக்கலாம். (1, 0), (0, 1) என்று எதிரெதிராக நின்றால் மோதல் உறுதி. ஃபிட்ஜ், மேட்டர்ன் என்ற இருவர் 1988இல் தனித்தனியே வகுத்த முறை இதைச் சார்ந்ததே.

மோதலைக் கண்டுபிடிப்பது வேறு, தீர்ப்பது வேறு. தீர்ப்புக்கு அந்த எண்ணின் பொருள் தெரிய வேண்டும். அது நூல் இருப்பா, நோயாளியின் உடல் வெப்பமா, ஒருவரின் முகவரியா? தரவுத்தளத்துக்கு எல்லாம் ஒன்றே. ஆகவே விதியை, பொருள் தெரிந்த மனிதர் எழுதித் தரவேண்டும். காஸ்மாஸ் டிபியில் இதற்கு இடம் வைத்திருக்கிறார்கள். விரும்பினால், தீராத மோதல்களைத் தனிப் பட்டியலில் ஒதுக்கிவைக்கச் செய்யலாம். அப்பட்டியலைப் படித்துத் தீர்க்கும் வேலையை ‘சர்வர்லெஸ் ஃபங்ஷன்’ எனப்படும் சிறு நிரலிடம் விடலாம். சர்வர் இல்லாதது என்ற இந்தப் பெயர் வியாபாரிகள் வைத்தது. சர்வர் இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நிரலுக்கென்று எப்போதும் ஒரு கணிப்பொறி காத்திருப்பதில்லை. குறித்த நேரத்திலோ, ஒரு செய்தி வந்தவுடனோ அது விழித்தெழும். வேலை முடிந்ததும் அடங்கிவிடும். ஓடிய நேரத்துக்கு மட்டும் வாடகை. அமேசான் 2014இல் ‘லாம்டா’ என்ற பெயரில் இத்தகைய சேவையை அறிவித்தபின் இது பரவிற்று. எப்போதாவது நேரும் மோதலுக்கு இது பொருத்தமான ஏற்பாடு.

நம் நிரலுக்கு என்ன விதி எழுதலாம்? 7, 8 என்ற முடிவுகளை விட்டுவிட்டு, 3 விற்றது, 2 விற்றது என்ற செயல்களைச் சேமிப்போம். நிரல் இவற்றைக் கூட்டி 10இலிருந்து கழிக்கட்டும். 5 கிடைக்கிறது. எது முதலில் வந்தாலும் கவலையில்லை, 3 + 2 = 2 + 3. பள்ளியில் பரிமாற்று விதியைப் படித்தபோது ‘இதற்கு ஒரு பெயர் வேறா?’ என்று நினைத்திருப்பீர்கள். அதன் மதிப்பு இங்கே தெரிகிறது.

ஆனால் ஒரு பொறி இருக்கிறது. வழியில் ஒப்புகை தொலைந்தால் அமைப்பு அதே செய்தியை மறுபடி அனுப்பும். நிரல் ஒரே வேலையை இருமுறை செய்ய நேரிடும். மும்பையின் 3 இருமுறை கழிந்தால் இருப்பு 2 ஆகிவிடும்! கூட்டலுக்கு வரிசை பொருட்டல்ல. திரும்பச் செய்வது பொருட்டு. திரும்பச் செய்தாலும் மாறாத ஒரு செயல் நமக்குத் தேவை. ‘இரண்டில் பெரியது’ அப்படிப்பட்டது. 3, 3 இவற்றில் பெரியது 3. எத்தனை முறை கேட்டாலும் 3தான்.

ஆகவே ஒவ்வொரு நிலையமும் ‘இதுவரை நான் விற்ற மொத்தம்’ என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொள்ளட்டும். அது ஏறுமே தவிர இறங்காது. செய்தி வரும்போது, நிலையம் ஒவ்வொன்றுக்கும் பழைய எண், புதிய எண் இரண்டில் பெரியதை நிரல் எடுத்துக்கொள்ளும். மும்பை 3, வர்ஜீனியா 2, மொத்தம் 5, இருப்பு 5. பழைய செய்தி தாமதமாக வந்தாலும், இருமுறை வந்தாலும் விடை மாறாது. மார்க் ஷப்பீரோவும் துணைவர்களும் 2011இல் இத்தகைய தரவு வடிவங்களுக்குப் பொதுவான இலக்கணம் வகுத்தனர்.

இதுவும் எல்லாவற்றுக்கும் மருந்தாகாது. அமேசான் தன் டைனமோ தரவுத்தளத்தைப் பற்றி 2007இல் வெளியிட்ட கட்டுரையில் வாங்குவோரின் கூடையை எடுத்துக்காட்டாகத் தந்தது. இரு படிகள் மோதினால் இரண்டிலும் உள்ள பொருள்களை ஒன்றுசேர்ப்பது விதி. சேர்த்த பொருள் ஒருபோதும் தொலையாது. ஆனால் நீக்கிய பொருள் சில வேளைகளில் மீண்டும் தலைகாட்டும். அது தெரிந்தே செய்த தேர்வு. கூடையில் மிகையாக ஒன்று இருந்தால் வாங்குபவர் மறுபடி எடுத்துவிடுவார். குறைந்தால் விற்பனை போய்விடும். இதை மருந்துச் சீட்டுக்குப் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்று எண்ணிப்பாருங்கள். மருத்துவர் நிறுத்திய மருந்து மீண்டும் வந்து நிற்கும்.

இன்னொரு நிலைமை. மும்பை 7 பிரதிகளையும் வர்ஜீனியா 6 பிரதிகளையும் விற்றுவிட்டால் நிரல் குற்றமின்றிக் கணக்கிட்டு ‘இருப்பு −3’ என்று சொல்லும். கணிதம் சரி, மூன்று பேருக்குப் புத்தகம் இல்லை. யாருக்குப் பணத்தைத் திருப்புவது, யாரைக் காத்திருக்கச் சொல்வது என்பதைக் கடைக்காரர் முன்பே முடிவுசெய்து நிரலில் எழுதியிருக்க வேண்டும்.

இதைத் தவிர்க்க ஒரு பழைய வழி உண்டு. 10 பிரதிகளில் மும்பைக்கு 6, வர்ஜீனியாவுக்கு 4 என்று முதலிலேயே பிரித்துக் கொடுத்துவிடலாம். தன் பங்கைத் தாண்டாத வரை எந்த நிலையமும் மற்றதைக் கேட்க வேண்டியதில்லை. கணிப்பொறி வருவதற்கு முன்பே நம் ரயில்வே இதைச் செய்தது. வழியிலுள்ள நிலையங்களுக்குத் தனித்தனிக் ‘கோட்டா’ ஒதுக்கியதால், ஒரே பெர்த்தை இருவருக்கு விற்காமல் ஒவ்வொரு நிலைய எழுத்தரும் தாமே பதிவுசெய்ய முடிந்தது. அதற்கு விலையும் இருந்தது. ஒரு நிலையத்தில் ‘இடமில்லை’ என்று திருப்பி அனுப்பப்பட்டவர் பிளாட்பாரத்தில் நிற்க, அடுத்த நிலையத்தின் கோட்டாவில் விலைபோகாத பெர்த் காலியாகவே சென்றது.